தாத்தாவுக்குப் பேரன் பொறந்தா அது காப்பியா, மாப்ளே?

மாப்ளே, தீபாவளி அன்னிக்கு நீ குடும்ப வாட்சாப் குழுவுல போட்ட தீர்ப்பைப் படிச்சேன். டிவியில ‘கண்ணா லட்டு தின்ன ஆசையா’ ஆரம்பிச்சுப் பத்து நிமிஷம்கூட ஆகல, கதாநாயகிப் பொண்ணு இன்னும் சரியா முகத்தையே காட்டல, நீ “பச்சைக் காப்பி”ன்னு எழுதி, பக்கத்துல மூணு சிரிப்புப் பொம்மையும் ஒட்டி அனுப்பிட்ட. இம்புட்டு வேகமா தீர்ப்பு சொல்ற ஆளு நம்ம குடும்பத்துல இருக்கிறது எனக்குப் பெருமைதான். விடியக்காலையில மோட்டார் சைக்கிள்ல ஜொகூர் பாரு பாலத்துல மணிக்கணக்கா வரிசை நின்னு சிங்கப்பூருக்கு வேலைக்குப் போறவன் நீ. அங்க இருக்கிற பொறுமையில ஒரு சொட்டை ஒரு படத்துக்குக் குடுக்க முடியாமப் போனதுதான் எனக்குப் புரியல.

சரி, கருத்து சொல்ற தொழிலுக்கு வந்துட்ட. தாய்மாமன்னு ஒருத்தன் இருக்கையில நீ அரைகுறையா அதைச் செஞ்சா எனக்குத்தான் கேவலம். குளுவாங் பக்கத்துத் தோட்டத்துல, திடல்ல ரெண்டு கம்பு நட்டு வெள்ளைத் துணி கட்டிப் படம் போட்ட காலத்துல இருந்து நான் படம் பார்க்கிறவன். தோட்டத்துக் கணக்கரு கிராணி, அவரு வீட்டு நாற்காலியெல்லாம் முன்னால வந்துட்டா, எங்களுக்குத் துணிக்குப் பின்பக்கம்தான் இடம். எம்.ஜி.ஆர். இடது கையால வாள் வீசுறவருன்னே ரொம்ப நாள் நெனச்சுக்கிட்டு இருந்தோம். அப்படி ரெண்டு பக்கமும் பார்த்தவன் சொல்றேன், கேட்டுக்க.

கருத்து சொல்றவனுக்கு மொத நுணுக்கம், பழைய படத்தைப் பார்த்துத் தொலைச்சிடக் கூடாது. பார்த்துட்டா நெஞ்சுல சந்தேகம் பூந்துடும். “அந்தக் காட்சி பரவாயில்ல, இந்தக் காட்சி சுமார்”னு எழுதுவ. அப்படி எழுதுறவனுக்கு யாரு பொம்மை போடுவா? நீ அதைச் சரியாத்தான் செஞ்சிருக்க. ‘இன்று போய் நாளை வா’ பார்த்திருக்கியாடான்னு உன் அத்தை கேட்டதுக்கு, “கிளிப் பார்த்திருக்கேன்”னு சொன்ன பாரு, அங்கதான் உன் தெறமை தெரிஞ்சுது. முருங்கைக்கீரை கூட்டுல ஒரு காம்பைக் கடிச்சுப் பார்த்துட்டு விருந்துக்கே மார்க் போடுற ஆளு நீ.

நீ பார்க்காததால நானே கதையைச் சொல்லிடுறேன். 1981-ல பாக்யராஜ் எழுதி, இயக்கி, நடிச்ச படம். ராதிகா கதாநாயகி, இளையராஜா இசை. எதுத்த வீட்டுக்கு ஒரு பொண்ணு குடிவருது. இந்தப் பக்கம் மூணு வெட்டிப் பசங்க. மூணு பேருக்கும் அவ மேல ஆசை. யாருக்கும் நேரா போய்ப் பேசத் துணிச்சல் இல்ல. அதனால வீட்டு ஆளுங்களைப் பங்கு போட்டுக்கிறானுங்க. ஒருத்தன் பொண்ணோட அப்பாகிட்ட இந்தி படிக்கப் போறான். ஒருத்தன் தாத்தாகிட்ட குஸ்தி கத்துக்கப் போறான். இன்னொருத்தன் அம்மாவுக்கு எடுபிடி. இந்தி படிக்கப் போனவன் வாயில “இருந்தான்”ங்கிற அர்த்தம் வர்ற சாதாரண இந்திச் சொல்லு ‘ரகு தாத்தா’ ஆகிப்போச்சு. நாப்பது வருஷம் தாண்டியும் தமிழன் இருக்கிற ஊர்ல எல்லாம் அந்தத் தாத்தா உசுரோட இருக்காரு.

இதே கதைதான் 2013 பொங்கலுக்குச் சந்தானம், பவர் ஸ்டார் சீனிவாசன், சேதுன்னு மூணு பேரோட, விசாகா சிங் கதாநாயகியா, மணிகண்டன் இயக்கத்துல ‘கண்ணா லட்டு தின்ன ஆசையா’ன்னு வந்துச்சு. இந்திப் பாடமும் குஸ்தியும் போய், ஆட்டமும் பாட்டும் அந்த எடத்துக்கு வந்துச்சு. ஆக, ஒரே கதைதான்னு நீ சொன்னது தப்பில்ல, மாப்ளே. அதுல உனக்கு நூத்துக்கு நூறு. கதையைப் பத்திப் பாக்யராஜே புகார் கொடுத்து, வெளியாகுற நேரத்துல ஊரே பேசின சங்கதி அது. 2013-லயே ஊருக்கே தெரிஞ்சதை நீ தீபாவளிக்குக் கண்டுபிடிச்சதுதான் சாதனை.

இப்ப நம்ம வீட்டுக் கூடத்துக்கு வா. அன்னிக்கு டிவி முன்னாடி உட்கார்ந்திருந்தவங்களை ஒருதரம் நெனச்சுப் பாரு. தியேட்டர் கெட்டுச்சு போ.

உன் பெரியப்பா காலை நீட்டிப் படுத்துக்கிட்டு, “பழைய படம் மாதிரி வருமாடா? அதுல ஒரு கண்ணியம் இருந்துச்சு”ன்னாரு. கண்ணியம்! மூணு தடிப்பசங்க ஒரு பொண்ணை வேவு பார்க்கிற கதையில அவரு கண்ணியத்தைக் கண்டிருக்காரு. 1981-ல அவருக்குக் கல்யாணப் பேச்சு நடந்துக்கிட்டு இருந்துச்சு. அப்ப அடிச்ச வெயில்கூட அவருக்குக் கண்ணியமாத்தான் தெரியும். அவரு புகழ்ந்தது பாக்யராஜையா, தலைமுடியோட இருந்த தன்னையான்னு நீயே கேட்டுப் பாரு. நான் கேட்டா மாமன் மச்சானுக்குள்ள சண்டை வரும்.

என் பேத்தி பவர் ஸ்டார் நடந்து வர்றப்ப எல்லாம் உருண்டு உருண்டு சிரிச்சா. அவளுக்குப் பாக்யராஜும் தெரியாது, பழைய படமும் தெரியாது. ஒரு மனுஷன் தனக்கு ஆடத் தெரியும்னு மனசார நம்பி ஆடுறான், அவனுக்கு ஆடத் தெரியல. அது போதும் அவளுக்கு. அந்தக் கூடத்துல படம் பார்த்த ஒரே ஆளு அவதான். மத்தவங்க எல்லாம் படத்தைப் பத்தித் தங்களுக்கு என்ன தெரியும்கிறதைப் பார்த்துக்கிட்டு இருந்தீங்க.

உன் அத்தை கருத்தே சொல்லல. அடுப்படியில அச்சு முறுக்குச் சுட்டுக்கிட்டு, டிவி பக்கம் திரும்பாமலே, எந்தக் காட்சிக்கு அடுத்து எது வரும்னு சொல்லிக்கிட்டு இருந்தா. கதை தெரிஞ்சவ அவ. ஆனா “காப்பி”ன்னு ஒரு சொல்லு அவ வாயில வரல. ஏன்னு கேட்டேன். “தெரிஞ்ச கதைன்னாத்தானே முறுக்குக் கருகாமப் பார்க்க முடியும்”னா. சினிமா விமர்சனத்துல இதைவிட நேர்மையான வரி நான் கேட்டதில்ல.

ரெண்டாவது நுணுக்கம் இங்கதான் வருது. காப்பின்னு சொல்றப்போ ஒரு படி மட்டும் எறங்கு. அதுக்குக் கீழ எறங்கிடாதே. எறங்கினா கெணறு ஆழம்.

எறங்கித்தான் பார்ப்போமே. ‘இன்று போய் நாளை வா’ங்கிற பேரு யாரு வெச்சது? ஆயுதம் இழந்து நின்ன இராவணன்கிட்ட இராமன் சொன்னதாக் கம்பன் பாடின எடத்துல இருந்து எடுத்தது. கம்பன் அந்தக் கதையை யாருகிட்ட எடுத்தாரு? வால்மீகிகிட்ட. எடுத்துட்டு, பாற்கடலைக் குடிக்கப் போன பூனை நான்னு அவையடக்கமும் சொல்லிக்கிட்டாரு. நல்லவேளை, அப்ப வாட்சாப் இல்ல. இருந்திருந்தா அரங்கேத்தத்துலயே எவனாவது ஒருத்தன் மூணு பொம்மை போட்டிருப்பான்.

அதே 1981-ல ‘தில்லு முல்லு’ வந்துச்சு. ரஜினி, தேங்காய் சீனிவாசன், பாலசந்தர் படம். மீசை வெச்சவன்தான் ஒழுக்கமானவன்னு நம்புற முதலாளி, மீசை இல்லாத தம்பி ஒருத்தன் இருக்கான்னு புளுகுற தொழிலாளி. அது எங்க இருந்து வந்துச்சு? 1979-ல ரிஷிகேஷ் முகர்ஜி எடுத்த ‘கோல்மால்’ங்கிற இந்திப் படத்துல இருந்து. அதையும் 2013-ல சிவா, பிரகாஷ்ராஜை வெச்சுத் திரும்ப எடுத்தாங்க. 1981-க்கு இசை போட்ட எம்.எஸ்.விஸ்வநாதனே 2013-க்கும் யுவன் சங்கர் ராஜா கூட உட்கார்ந்து இசை போட்டாரு. இப்ப சொல்லு, அந்த மனுஷன் யாரைக் காப்பியடிச்சாரு?

இன்னும் பின்னால போ. 1955-ல ‘மிஸ்ஸியம்மா’. வேலை கெடைக்கணும்னா புருஷன் பொண்டாட்டியா இருக்கணும், அதனால ஜெமினியும் சாவித்திரியும் அப்படி நடிக்கிறாங்க. இன்னிக்கு வரைக்கும் அந்த மாதிரிக் காதல் சிரிப்புப் படத்துக்கு ஈடு இல்லன்னு என் அப்பா சொல்லுவாரு. அதோட வேரு வங்காளத்துல. இந்திக்குப் போயி ‘மிஸ் மேரி’ ஆச்சு. 1964-ல ஸ்ரீதர் எடுத்த ‘காதலிக்க நேரமில்லை’ நம்ம சொந்தச் சரக்கு. அது தெலுங்குக்குப் போச்சு, இந்திக்குப் போச்சு. நம்ம நாகேஷ் ஆடின எடத்துல இந்தியில மெஹ்மூத் ஆடினாரு. நாம எடுக்கிறப்போ காப்பி, அவங்க எடுக்கிறப்போ நமக்குப் பெருமை. இந்தக் கணக்கு எந்தப் பள்ளியில சொல்லிக் குடுத்தாங்க?

நம்ம ஊரையும் விட்டுடாதே. பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பாக்சிக், டிவியில பி.ரம்லி நடிச்ச படம் போட்டா சோறு தண்ணி மறந்துடுவாரு. 1957-ல வந்த ‘பூஜாங் லாபோக்’கும் மூணு கட்டை பிரம்மச்சாரிங்க காதலுக்கு அல்லாடுற கதைதான். பாக்யராஜ் பசங்களுக்கு அவங்க அண்ணன் முறை. ரம்லிக்கு மொதமொதல்ல கதாநாயகன் வேஷம் குடுத்த 1950-ஆம் வருஷத்து ‘பக்தி’ங்கிற மலாய்ப் படத்தை எடுத்தது யாருன்னு நெனைக்கிற? எல்.கிருஷ்ணன், நம்ம மதராஸ்காரரு. சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோவுல ஆரம்பத்துல படம் எடுத்தவங்கள்ல நெறைய பேரு கப்பலேறி வந்த இந்தியாக்காரங்க. ஒரு கதை பாலம் தாண்டுறதுக்குப் பாஸ்போர்ட் எல்லாம் கேட்க மாட்டாங்க, மாப்ளே. நீதான் தெனமும் நீட்டணும்.

இப்ப மூணாவது நுணுக்கம். காப்பின்னு திட்டின படத்துல நீ அழுதிருந்தா அதை வெளியில சொல்லாதே.

இது உனக்குச் சொல்றது இல்ல, உன் அக்காவுக்கு. அதே 2013 செப்டம்பர்ல ‘ராஜா ராணி’ வந்துச்சே, அட்லீயோட மொத படம். ஆர்யா, நயன்தாரா, ஜெய், நஸ்ரியா. உன் அக்கா தியேட்டர்ல கைக்குட்டை நனைய அழுதுட்டு வந்து, வெளியில நாலு பேரு “இது மௌன ராகம்தானே”ன்னதும், “ஆமா ஆமா, அதே கதைதான், ஒண்ணும் புதுசில்ல”ன்னுட்டா. 1986-ல மணிரத்னம் எடுத்த ‘மௌன ராக’த்துல, பழைய காதலனை நெனச்சுக்கிட்டு ரேவதி மோகனுக்கு வாக்கப்படுறா. ‘ராஜா ராணி’யில ரெண்டு பேருக்குமே ஒரு பழைய கதை இருக்கு. அடுத்தவன் பேச்சைக் கேட்டுட்டு தன் கண்ணீரையே போலின்னு சொன்னா பாரு, அதுதான் எனக்குப் பொறுக்கல. கண்ணுல வந்த தண்ணிக்கு எந்தத் தயாரிப்பாளர் உரிமை வாங்கணும்?

‘மௌன ராக’த்துக்கு அஞ்சு வருஷம் முன்னாலயே பாக்யராஜோட ‘அந்த 7 நாட்கள்’ வந்தாச்சு. அதுக்கும் முன்னால, 1962-ல ஸ்ரீதரோட ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’. காதலிச்சவன் ஒருத்தன், கட்டினவன் ஒருத்தன்கிற கதைதான் எல்லாம். ஆனா மூணையும் அடுத்தடுத்துப் பார்த்தா ஒரு சங்கதி தெரியும். 1962-ல அந்தப் பொண்ணு மனசை அடக்கிக்கிட்டுப் புருஷன் உசுரோட இருக்கணும்னு நிக்கிறா. 1981-ல தாலியைக் கழட்ட முடியுமாங்கிற பேச்சு நடுக்கூடத்துக்கே வருது. 1986-ல கல்யாணமானதும் புருஷன்கிட்டயே விவாகரத்து கேட்கிறா. கேள்வி ஒண்ணுதான், ஒவ்வொரு காலத்துலயும் அவளுக்குச் சத்தம் கொஞ்சம் கூடிக்கிட்டே வந்திருக்கு. இதைப் பார்க்காம “அதே கதை”ன்னு சொல்றவன், பக்கத்து வீட்டுலயும் கல்யாணம் நம்ம வீட்டுலயும் கல்யாணம், ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்றவன்.

சரி, இவன் எதையெடுத்தாலும் காப்பிக்கு வக்காலத்து வாங்குறானேன்னு நெனைப்ப. வாங்கல. 2013-ல வந்த அந்தப் படங்கள்ல எனக்கும் ஒரு குறை உண்டு. ஆனா உன் குறை இல்ல அது.

பழைய காதல் சிரிப்புப் படத்துல சிரிப்பு எங்க இருந்து வந்துச்சு? தடையில இருந்து. தோட்டத்துல நாங்க இருந்த காலத்தைச் சொல்றேன். லயத்து வீட்டுல இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் ஒரு பலகைதான். ஒரு பொண்ணுகிட்ட நாலு வார்த்தை பேசணும்னா தண்ணிக் குழாய்கிட்ட வரிசை வரணும், இல்ல மாரியம்மன் கோயில் திருவிழா வரணும். அதுக்கும் நடுவுல அவ அப்பா, சித்தப்பா, கங்காணி, கிழவின்னு நாப்பது கண்ணு. காதலிக்கிறவன் மொதல்ல வீட்டைக் காதலிக்கணும். அவ அப்பனுக்கு வெத்தலை வாங்கிக் குடுக்கணும், தம்பிக்குப் பட்டம் கட்டிக் குடுக்கணும், பாட்டியோட மூட்டுவலியை மணிக்கணக்கா விசாரிக்கணும். பாக்யராஜ் படத்துல மூணு பேரும் செஞ்சது அதைத்தான். இந்தி சொல்லிக் குடுக்கிற அவ அப்பா அந்தப் படத்துக்குச் சிரிப்புக்காகச் சேர்த்த ஆளு இல்ல. அவருதான் கதவு. அவரைத் தாண்டாம அவளைப் பார்க்க முடியாது. அந்த வீட்டுக்கு உள்ள போறதுக்கு ஒருத்தன் இந்தியே படிக்கத் துணிஞ்சான், அதுவும் தமிழ்நாட்டுல, அதுவும் இந்தி எதிர்ப்புப் பார்த்து வளர்ந்த தலைமுறையில! சிரிப்பு அங்க இருந்துதான் வெடிச்சுது.

2013-ல என்ன ஆச்சு? எல்லார் கையிலயும் போன் வந்தாச்சு. ஒரு நம்பர் கெடைச்சா முடிஞ்சுது. அப்பனும் வேண்டாம், தாத்தாவும் வேண்டாம். கதவே இல்லாத வீட்டுக்கு எதுக்குடா மூணு பேரு சாவி தேடி அலையுறீங்கன்னு எனக்குத் தோணுச்சு. ‘தில்லு முல்லு’வுக்கும் அதே கதிதான். மீசையை வெச்சு ஆளை எடைபோட்ட முதலாளிங்க 1981-ல நெசமாவே இருந்தாங்க. இன்னிக்கு உன் சிங்கப்பூர் மேலாளருக்கு நீ மீசை வெச்சா என்ன, மொட்டை அடிச்சா என்ன? கைரேகை வெச்சு நேரத்துக்கு உள்ள போனியாங்கிறதுதான் கணக்கு. பொய் சொல்றவன் பயப்படணும்னா, அந்தப் பயத்துக்கு ஊருல ஒரு காரணம் இருக்கணும். காரணத்தை விட்டுட்டுப் பொய்யை மட்டும் கொண்டுவந்தா பாதிச் சிரிப்புதான் வரும்.

நம்ம பால்மரத்தையே எடுத்துக்க. 1877-ல பிரேசில் கன்னு சிங்கப்பூருக்கு வந்து எறங்குச்சு, அதுல இருந்துதான் ஜொகூர் முழுக்க ரப்பர் ஆச்சு. அப்புறம் நல்லா பால் குடுக்கிற மரத்தோட மொட்டை எடுத்து, வேற கன்னோட தண்டுல ஒட்டுக் கட்டினாங்க. ஒட்டுக் கட்டின மரம் சும்மா வெதையில மொளைச்ச மரத்தைவிட அதிகமாப் பால் குடுத்துச்சு. ஆனா ஒட்டுக் கட்டுறவன் மொதல்ல பார்க்கிறது மொட்டை இல்ல, கன்னோட வேரு இந்த மண்ணைப் பிடிச்சிருக்கான்னுதான். வேரு பிடிக்காத கன்னுல எம்புட்டு ஒசத்தி மொட்டைக் கட்டினாலும் காஞ்சுதான் போகும். மொட்டு பக்கத்துத் தோட்டத்துதுன்னு யாரும் குறை சொல்ல மாட்டாங்க. காஞ்சா மட்டும்தான் சொல்லுவாங்க.

அதுக்காக உன் பெரியப்பா பக்கம் போய் நின்னுடாதே. பழசு எல்லாம் பத்தரை மாத்துன்னு அவரு சொல்றதை நான் ஒத்துக்கல. அந்த மூணு பசங்க அவ அப்பாவைக் கேட்டானுங்க, தாத்தாவைக் கேட்டானுங்க, அம்மாவைக் கேட்டானுங்க. அவளை எப்படா கேட்டானுங்க? 1981-ல எனக்கு அது தோணல. நானும் குழாயடியில வரிசை பிடிச்சவன்தான். ஆனா 2013-ல எடுத்தவங்களுக்குத் தோணியிருக்கலாம். முப்பத்திரெண்டு வருஷம் கழிச்சு எடுக்கிறவன் போனை மாத்தினான், பாட்டை மாத்தினான், சட்டையை மாத்தினான். அந்தப் பொண்ணை மட்டும் அப்படியே சன்னல் பக்கத்துலயே நிக்க வெச்சுட்டான். காப்பின்னு திட்டணும்னா அதைத் திட்டு, நான் உன் கூட நிக்கிறேன்.

வாங்கினதை வெச்சு வேற ஒண்ணு கட்டினவங்களும் இருக்காங்க. 2024 ஆகஸ்ட்ல ‘ரகு தாத்தா’ன்னு ஒரு படம் வந்துச்சு. கீர்த்தி சுரேஷ், சுமன் குமார் இயக்கம். பாக்யராஜ் படத்துல இருந்து அவங்க தூக்கிக்கிட்டுப் போனது அந்த ரெண்டு சொல்லு மட்டும்தான். இந்தி வேண்டாம்னு ஊருக்கு முன்னால கொடி பிடிக்கிற பொண்ணு, புடிக்காத கல்யாணத்துல இருந்து தப்பிக்கணும்னா கல்கத்தாவுக்கு மாத்தலாகிப் போகணும், அதுக்கு இந்திப் பரீட்சை எழுதணும். யோசிச்சுப் பாரு. 1981-ல ஒருத்தன் பொண்ணைப் புடிக்க இந்தி படிச்சான். 2024-ல ஒரு பொண்ணு மாப்பிள்ளைகிட்ட இருந்து தப்பிக்க இந்தி படிக்கிறா. அறுபதுகள்ல நடக்கிற மாதிரி கதையை வெச்சதால அந்தத் தடை நெசமான தடையாவும் இருந்துச்சு. படம் முழுக்கச் சிரிச்சேன்னு சொல்ல மாட்டேன். ஆனா எதுக்கு எடுத்தாங்கன்னு புரிஞ்சுது.

பேரை மட்டும் வாங்கிக்கிறவங்க தனிச் சாதி. ‘மௌன ராக’த்துல கார்த்திக் கூப்பிட்டுக் கலாய்ச்ச ‘மிஸ்டர் சந்திரமௌலி’, 2018-ல கார்த்திக்கும் அவரு மகனும் நடிச்ச ஒரு படத்துக்குத் தலைப்பாச்சு. ‘ராஜா ராணி’ங்கிற தலைப்பே 1956-ல சிவாஜியும் பத்மினியும் நடிச்ச படத்தோடது. 2025 பொங்கலுக்கு வந்த ‘காதலிக்க நேரமில்லை’யை உன் பெரியப்பா பார்க்கப் போன கதை உனக்குத் தெரியாது. கிருத்திகா உதயநிதி இயக்கம், ரவி மோகன், நித்யா மேனன், ஏ.ஆர்.ரகுமான் இசை. இவரு நாகேஷையும் பாலையாவையும் மனசுல வெச்சுக்கிட்டுப் போய் உட்கார்ந்தா, திரையில சோதனைக்குழாய்க் குழந்தை, விந்து தானம்னு ஆஸ்பத்திரி பேச்சு ஓடுது. பக்கத்துல பெரியம்மா. மனுஷன் ரெண்டரை மணி நேரம் பாப்கார்னைத் தவிர வேற எதையும் நிமிர்ந்து பார்க்கலையாம். வெளியில வந்து என்ன கருத்து சொன்னாரு தெரியுமா? “பழைய படத்தைக் கெடுத்துட்டானுங்க”ன்னாரு. பழைய படத்தை அவங்க தொடவே இல்லைங்கிறதுதான் உண்மை. காப்பியடிச்சா ஏன் அடிச்சன்னு ஒருத்தன், அடிக்கலேன்னா ஏன் அடிக்கலன்னு ஒருத்தன். நம்ம குடும்பத்துக்குப் படம் எடுக்கிறவன் பாவம், எந்த முதலாளிக்கும் அந்த நெலமை வரக்கூடாது.

படம் எடுக்கிறவங்களுக்கும் ஒரு வார்த்தை உண்டு, நீ போய்ச் சொல்லப் போறதில்ல, இருந்தாலும் கேட்டுக்க. எடுக்கிறது குத்தமில்ல. எடுத்த எடத்தைச் சொல்லு, எழுதினவனுக்குக் கூலியைக் குடு. தோட்டத்துல காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு நிக்காதவன் பேருல சம்பளம் வாங்கினா கிராணியே சும்மா விடமாட்டான். கதை எழுதினவன் மட்டும் எதுக்குச் சும்மா விடணும்?

இந்திக்காரங்க ஒரு நல்ல காரியம் பண்ணினாங்க. அதே 1981-ல சாய் பராஞ்ச்பே எடுத்த ‘சஷ்மே பத்தூர்’னு ஒரு படம். அங்கயும் மூணு பசங்க, ஒரு பொண்ணு. 2013-ல டேவிட் தவான் அதைத் திரும்ப எடுத்தாரு. ஏப்ரல் 5-ஆம் தேதி புதுசு வந்த அன்னிக்கே பழசையும் துடைச்சுச் சுத்தம் பண்ணித் தியேட்டர்ல விட்டாங்க. ரெண்டும் ஒரே நாள்ல. இந்தா தாத்தா, இந்தா பேரன், யாரு மூக்கு யாருக்கு வந்திருக்குன்னு நீங்களே பார்த்துக்குங்கன்னு விட்டுட்டாங்க. தமிழ்லயும் அப்படி ஒரு வழக்கம் வந்தா, உன்னை மாதிரி ஆளுங்களுக்குக் ‘கிளிப் பார்த்தேன்’ங்கிற சாக்கு போயிடும். அதனால நீ அதை எதிர்த்து இப்பவே குழுவுல எழுதி வெச்சுக்க.

கடைசி நுணுக்கம், இது வெளையாட்டுக்கு இல்ல. ஒரு படத்தைப் பத்தி வாய் தெறக்கிறதுக்கு முன்னாடி, அதைப் பார்க்கிறப்போ சிரிச்சியா, எந்த எடத்துல சிரிச்சன்னு உனக்கு நீயே சொல்லிக்க. அதுக்கப்புறம் அது யாரு வீட்டுக் கதைன்னு வெசாரி. சிரிப்பை விட்டுட்டு வெசாரணையை மட்டும் வெச்சுக்கிட்டவன் சுங்க அதிகாரியா வேணா போகலாம், ரசிகனா இருக்க முடியாது. உன் பெரியப்பனுக்குப் பதினெட்டு வயசுல பார்த்தது எல்லாம் அசல். உனக்குப் பதினெட்டு வயசுல நீ பார்த்ததுதான் அசல். இன்னும் முப்பது வருஷத்துல எவனாவது ‘கண்ணா லட்டு தின்ன ஆசையா’வைத் திரும்ப எடுப்பான். அன்னிக்கு நீ வயித்தைத் தடவிக்கிட்டு, “பவர் ஸ்டார் மாதிரி வருமாடா? அதுல ஒரு கண்ணியம் இருந்துச்சு”ன்னு சொல்லுவ. எழுதி வெச்சுக்க.

அதுக்கு முன்னால, இந்த ஞாயித்துக்கெழமை வீட்டுக்கு வா. ரெண்டு படத்தையும் ஒண்ணு பின்னால ஒண்ணு போடுறேன். போனை உன் அத்தைகிட்ட குடுத்துட்டுத்தான் உள்ள உட்காரணும். முறுக்கு அவ தருவா. தே தாரேக்குக்கும் ரொட்டி சானாய்க்கும் காசு நீ குடு. சிங்கப்பூர் வெள்ளி ஒண்ணுக்கு மூணு ரிங்கிட்டுக்கு மேல கெடைக்குது, உனக்கு அது ஒண்ணும் கொறைஞ்சுடாது. படம் முடிஞ்சதும் “பச்சைக் காப்பி”ன்னே நீ சொன்னாலும் நான் மறுத்துப் பேச மாட்டேன். முழுசாப் பார்த்தவன் சொல்றான்னு குழுவுல நானே மூணு பொம்மை போடுறேன்.